வேர்க்காத நெற்றி

ஓணான்மலை அடிவாரத்தில் உமிச்சாமி என்றொரு குரு இருந்தார். மரத்தடியில் ஞானம் பெற்றவர்கள் உண்டு, சுடுகாட்டில் பெற்றவர்கள் உண்டு. இவருக்கு அது ரைஸ்மில்லில், உமி மூட்டை மேல் உட்கார்ந்து தும்மியபோது வந்தது. அந்தத் தும்மலில் மில்லின் தகரக் கூரை ஒரு முழம் எழும்பிப் போய், மறுபடி அதே ஆணிகளில் வந்து உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். கூரையை நான் பார்த்திருக்கிறேன். ஆணிகள் சரியாகத்தான் இருக்கின்றன.

அவருக்கு ஒரு சீடர். பெயர் இருசப்பன். குருவைவிட வயதில் மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டிச் சலித்து, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து மடத்துக்கு வந்தவர். வந்த அன்றே குரு அவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அது மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். ஆட்டோவைப் போல இல்லை. இதற்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. தூரத்தில் வரும்போது பார்த்தால் பெரிய நண்டு ஒன்று ஆளைத் தூக்கிக்கொண்டு வருவது போல இருக்கும். ஒரு பக்தர் கப்பலில் வரவழைத்த வண்டி. அவர் மனைவி அதில் உட்கார மாட்டேன் என்றதால் மடத்துக்குக் காணிக்கையாக வந்து சேர்ந்தது.

வண்டி வந்த பிறகுதான் குருவால் சிக்கலில்லாமல் மலையேற முடிந்தது. அதற்கு முன்பு டோலியில் தூக்கிப் போவார்கள். ஒருநாள் டோலி மூங்கில் முறிந்தது. மறுமாதம் இரும்புக் குழாய் போட்டார்கள், அது வளைந்தது. குருவின் எடை அப்படி.

பௌர்ணமிதோறும் அவர் மலைமேல் இருக்கும் மேல்நாடு என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வழக்கம். சாமியைச் சுமந்து வந்தவனின் நெற்றியை ஊர்ப் பெரியவர் சடையப்பன் ஆட்காட்டி விரலால் தொட்டுப் பார்ப்பார். விரல் நனைந்தால் அவனுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். நனையாவிட்டால், "சாமி நடந்து வந்துட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணியை மடித்து வைத்துவிடுவார்கள்.

டோலி போய் வண்டி வந்தபோது, இந்த வழக்கம் நிற்குமா என்று மேல்நாட்டில் சந்தேகம் இருந்தது. இருசப்பன் முதல் தடவை வண்டியிலிருந்து இறங்கியதும் சந்தேகம் தீர்ந்தது. மனிதர் கிணற்றில் விழுந்து எழுந்தவர் போல இருந்தார்.

காரணம், அந்த ஸ்டியரிங். ஹேண்டில்பாரைத் திருப்புவது அம்மிக்கல்லைத் திருப்புவது போல. அதுவும் சும்மா இருக்காது, எந்நேரமும் இடது பக்கம் இழுக்கும். இருசப்பன் அதை வலது பக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டுவார். கொஞ்சம் அயர்ந்தாலும் வண்டி ஓரத்துப் பள்ளத்தை முகர்ந்து பார்க்கப் போய்விடும். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் தோள்பட்டை போடும் சத்தம் மலையடிவாரத்து டீக்கடை வரை கேட்குமாம். நம்பாதவர்கள் டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

இரண்டு வருஷம் இப்படி. மாதாமாதம் பரிவட்டம். ஒரு சித்திரை மாதம் வியர்வையில் விரல் வழுக்கி, பெரியவர் இருசப்பனின் கண்ணில் குத்திவிட்டார். அன்றைக்கு இருசப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டே மலையிறங்கி வந்தார். மடத்துக்கு வருகிறவர்கள் குருவின் காலைத் தொட்ட கையோடு இருசப்பனின் முழங்கையையும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"இதுதான் என் தவம்" என்று அவர் வெளியே சொன்னதில்லை. ஆனால் முழங்கையை மட்டும் எப்போதும் மடித்தே வைத்திருப்பார், தொட வசதியாக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியின் மீட்டரில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இருசப்பன் சாவியை வாங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான். இருசப்பன் அதற்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். ஆயுதபூஜைக்குத் தனியாக ஒரு எலுமிச்சம்பழம்.

ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தின வாரம் ஹாரன் அடிக்கவில்லை. வளைவுகளில் ஹாரன் இல்லாமல் போக முடியாது. இருசப்பன் வண்டியை நாமக்கல்லுக்கு, ஷாகுல் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஷாகுல் லாரிகளுக்கு ஸ்டியரிங் பார்ப்பவர். இருசப்பனை லாரிக் காலத்திலிருந்தே தெரியும்.

"ஹாரன் மட்டும் பாருங்க பாய். வேற எதையும் தொடாதீங்க."

"சரிண்ணா. போய் டீ குடிச்சுட்டு வாங்க."

டீ குடித்துத் திரும்பியபோது ஷாகுல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹாரனை அடித்துக் காட்டினார். பட்டறை நாய் எழுந்து ஓடியது.

இருசப்பன் மீட்டரைப் பார்த்தார். குங்குமத்துக்குப் பின்னால் இருட்டாக இருந்தது.

"பாய்! விளக்கு எங்க?"

"அணைஞ்சிடுச்சு."

"அணைஞ்சிடுச்சா? எலுமிச்சம்பழம் வச்ச விளக்கு பாய் அது!"

ஷாகுல் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குங்குமத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

"அண்ணா, பவர் ஸ்டியரிங் வேலை செய்யலன்னு சொல்ற விளக்குண்ணா அது. ரெண்டு வருஷமா உங்ககிட்ட முறையிட்டிருக்கு. நீங்க அதுக்குப் பொட்டு வச்சிருக்கீங்க."

"பவர் ஸ்டியரிங்கா? இதுலயா?"

"நீங்க லேசா திருப்பினாப் போதும். உள்ள ஒரு மோட்டார் இருக்கு, மீதியை அது திருப்பிக்கும். அதுக்குப் போற ஒயர்ல ஒரு பின்னு பச்சை பூத்துக் கெடந்துச்சு. சுரண்டி மாட்டினேன். முன் சக்கரத்துத் தண்டு ஒண்ணு தளர்ந்து, வண்டி இடது பக்கம் இழுத்துச்சு பாருங்க, அதையும் முடுக்கிட்டேன். ஹாரனுக்காகக் கழட்டினப்பவே கண்ணுல பட்டுச்சு."

இருசப்பன் பட்டறையின் எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பின்னா?"

"ஒரே பின்னு. இத்தனூண்டு" என்று ஷாகுல் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

திரும்பும் வழியில் நடந்தது எளிதாகச் சொல்லக்கூடியது. வண்டி பூப்போல ஓடியது. இருசப்பன் பழையபடி வலது பக்கம் இழுத்தார். வண்டி கேட்ட உடனே வலது பக்கம் போனது. சாலையைத் தாண்டி ஒரு மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து, பாத்தி பாத்தியாகக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டே போய் நின்றது. காட்டுக்காரர் ஓடி வந்து, "ஏனுங்க, புது மெசினுங்களா? கூலி எப்படி?" என்று கேட்டார்.

இருசப்பன் வண்டியைத் திருப்பி, மறுபடி பட்டறைக்கே போனார்.

"பாய், ஸ்டியரிங்கைக் கெடுத்துட்டீங்க. வலது பக்கம் இழுக்குது."

ஷாகுல் ஏறி உட்கார்ந்து ஒரு வட்டம் போனார். நூல் பிடித்தது போல நேராகப் போய் வந்தார்.

"வண்டி இழுக்கலண்ணா. நீங்க இழுக்கறீங்க."

"பழையபடி பண்ணிக் குடுங்க."

"எப்படி?"

"அந்தப் பின்னை மறுபடி பச்சை பூக்க வச்சுக் குடுங்க."

"அண்ணா, பழுது பார்க்கத்தான் நான் படிச்சேன். பழுது பண்றதுக்கு நீங்க என் மச்சான்கிட்டதான் போகணும். அவன் பட்டறை எதுத்தாப்புல" என்றார் ஷாகுல்.

இருசப்பன் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வழியெல்லாம் நடக்கிற வேகத்தில் ஓட்டி வந்திருந்தார். குரு முற்றத்தில் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க டிரைவரே."

"ரெண்டு வருஷமா நான் பட்டது தவமா, இல்ல ஒயர்க் கோளாறா?"

குரு அடுப்படிப் பக்கம் திரும்பி, "பாவாயி!" என்று கூப்பிட்டார். மடத்தில் சமையல் பார்க்கிற பாவாயி கரண்டியோடு வந்தாள்.

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"மொபெட்டுல காய் வாங்கப் போவேன் சாமி."

"ஏறு இதுல."

பாவாயி கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். எதைத் திருகினால் ஓடும், எதை மிதித்தால் நிற்கும் என்று இருசப்பன்தான் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். குரு பொரிக் கிண்ணத்தோடு பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி முற்றத்தைச் சுற்றியது, துளசிமாடத்தைச் சுற்றியது, கிணற்றடிக்கும் மாட்டுத் தொட்டிக்கும் நடுவே கோழி புகும் சந்தில் புகுந்து வெளியே வந்தது. கிண்ணத்திலிருந்து ஒரு பொரி சிந்தவில்லை.

"டிரைவரண்ணா! எருமை எருமைன்னு சொன்னீங்களே, இது கன்னுக்குட்டியாட்டம் வருதே!"

இருசப்பனின் மடித்த முழங்கை தானாக நீண்டு கீழே தொங்கியது.

"அப்போ என் கேள்வி சாமி?" என்றார்.

"பொரி தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு குரு உள்ளே போனார்.

பௌர்ணமிக்கு இன்னும் இரண்டே நாள். இருசப்பனுக்குத் தூக்கம் இல்லை. வண்டி லேசாகிவிட்டது. லேசான வண்டியில் வேர்க்காது. வேர்க்காவிட்டால் பரிவட்டம் இல்லை. அது போகட்டும் என்றால், வண்டி எல்லாருக்கும் லேசாகி, அவர் ஒருவருக்குத்தான் ஓட்ட வரவில்லை. பாவாயி ஓட்டுகிறாள். ஷாகுல் ஓட்டுகிறார். அவர் உட்கார்ந்தால் மட்டும் அது வலது பக்கம் ஓடுகிறது. பழுதாக இருந்ததை ஓட்டத் தெரிந்த கைக்கு, சரியாக இருப்பதை ஓட்டத் தெரியவில்லை. அப்படியானால் பழுது எங்கே இருந்தது? இதை எந்தப் பக்கமிருந்து பிடித்தாலும் அவருக்குக் குழப்பமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் மடத்துக்குப் பின்னால் இருக்கும் களத்தில் பழகப் போனார். நேராகப் போக வேண்டும் என்று நினைத்தார். கை வலது பக்கம் இழுத்தது. வண்டி வட்டம் போட்டது. இன்னும் அழுத்திப் பிடித்தார். வட்டம் சின்னதானது. வலம் வருவது போலச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

பௌர்ணமிக்காக வெளியூரிலிருந்து ஒரு மினிபஸ் நிறையப் பக்தர்கள் வந்து இறங்கினார்கள். களத்தைப் பார்த்தார்கள். குருவின் முதல் சீடர் கண்ணிமைக்காமல் எதையோ வலம் வந்துகொண்டிருக்கிறார். ஒருவர் செருப்பைக் கழற்றினார். கழற்றினால் சும்மா நிற்க முடியுமா? கையைக் கூப்பிக்கொண்டு பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம், மச்சினர், டிரைவர், கண்டக்டர். யாரோ களத்தின் நடுவில் கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

இருசப்பன் நிறுத்தத்தான் பார்த்தார். பின்னால் இத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டு வரும்போது எப்படி நிறுத்துவது? சுற்றினார். ஒரு திருப்பத்தில் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தின் கடைசியில், முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, கை கூப்பியபடி குருவும் வந்துகொண்டிருந்தார்.

பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். கூட்டம் முழுவதும் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றது.

"சாமி! நீங்க ஏன் சுத்தறீங்க?"

"முன்னால போறவங்க சுத்தறாங்க."

"நடுவுல ஒண்ணுமே இல்லீங்களே!"

"அப்படியா? நீங்க சுத்தின வேகத்தைப் பார்த்து ஏதோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் குரு. பிறகு குனிந்து தேங்காய்ச் சில் ஒன்றை எடுத்து, மண்ணைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. பாதிப் பேர் திருப்தியாகத்தான் போனார்கள். அந்தக் களத்தில் இன்றைக்கும் யாராவது கற்பூரம் ஏற்றிவிட்டுப் போவதாகக் கேள்வி.

மத்தியானம் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். இருசப்பன் மட்டும் சாப்பிடப் போகவில்லை. லாரிக் காலத்து ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் குந்தினார். ஷாகுல் கழற்றிய மூடியைக் கழற்றினார். உள்ளே ஒயர்கள். அவற்றில் ஒன்று மட்டும் சுரண்டிய முனையோடு புதிதாக மின்னியது. அதை இரண்டு விரலால் பிடித்தார். ஒரு இழுப்பு. அவ்வளவுதான். விளக்கு எரியும், ஸ்டியரிங் அம்மிக்கல் ஆகும். நெற்றி வேர்க்கும். பாவாயியால் அசைக்கக்கூட முடியாது.

"எந்த ஒயருன்னு தெரியுமா?"

இருசப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். குரு மோர் டம்ளரோடு நின்றிருந்தார்.

"தெரியும் சாமி."

"அதைப் பிடுங்கினா?"

"வண்டி கனமாயிடும். நாளைக்கு எனக்கு வேர்க்கும். பரிவட்டத்துக்கு நான் அலையலீங்க சாமி. ஆனா அது இல்லாமப் போனா, அந்த ரெண்டு வருஷமும் என்னன்னு எனக்கே தெரியல."

"சரி. பிடுங்குங்க."

"திட்டமாட்டீங்களா?"

"எதுக்குத் திட்டணும்? பழையபடி நானும் சாஞ்சுக்கறேன்."

இருசப்பன் ஒயரை விடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சாஞ்சீங்களா?"

"பின்ன? வண்டி இடது பக்கமா இழுத்துச்சுல்ல? ஒவ்வொரு வளைவுலயும் நான் பின்னால இருந்து வலது பக்கம் சாஞ்சு சாஞ்சுதானே நேராக்கிக் கொண்டு போனேன். இந்த இடுப்புல தைலம் தேய்க்காத நாள் இல்ல."

இருசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. குருவைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சாமி, சாஞ்சா திரும்பறதுக்கு இது ரெண்டு சக்கர வண்டி இல்லீங்க. மூணு சக்கரம். நீங்க தலைகீழா நின்னாலும் இது ஹேண்டில்பார் சொல்றதைத்தான் கேட்கும்."

"திரும்பாதா?"

"துளிகூடத் திரும்பாது."

குரு டம்ளரைத் தரையில் வைத்தார். அவர் முகம் உண்மையாகவே குழம்பியிருந்தது.

"அப்போ, ரெண்டு வருஷமா மலையேத்தினது யாரு?"

"நான்தான் சாமி!"

"அட" என்றார் குரு. "நான்தான்னு நெனச்சுகிட்டிருந்தேன்."

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தார்கள். வண்டி இரண்டு பேரையும் பார்த்தது.

"இப்போ நான் இதைப் பிடுங்கறதா, வேண்டாமா?" என்றார் இருசப்பன்.

"ஓட்டறது நீங்க" என்று சொல்லிவிட்டு குரு பந்திக்குத் திரும்பினார். பாயசம் போட ஆரம்பித்திருந்தார்கள்.

இருசப்பன் வெகுநேரம் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மூடியை மாட்டி முடுக்கினார். பிடுங்கவில்லை. ஏன் பிடுங்கவில்லை என்று நான் பிற்பாடு அவரையே கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

பௌர்ணமி அன்று வெயில் தாழ்ந்ததும் வண்டி வாசலுக்கு வந்தது. பாவாயி அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நான் வேணா ஓட்டட்டுங்களா? நீங்க மினிபஸ்ல அண்டா பக்கத்துல உட்கார்ந்து வாங்க. சாம்பாரு அலம்பாமப் பார்த்துக்கணும்."

கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள். அதுதான் அவரைச் சுட்டது. சாவியை நீட்டக்கூட நீட்டிவிட்டார். அதற்குள் வண்டியின் பின்பக்கம் சட்டென்று தாழ்ந்தது. குரு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"போலாம் டிரைவரே."

முதல் வளைவிலேயே கை பழையபடி இழுத்தது. வண்டி சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி வலது ஓரத்துக்குப் பாய்ந்தது. மேலிருந்து ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. இருசப்பன் ஹாரனை அழுத்தினார். ஹாரன் அருமையாக அடித்தது. லாரிக்காரன் இருசப்பனின் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனான்.

"சாமி, சாயறீங்களா?"

"இல்ல. நீங்க இழுக்கறீங்களா?"

"தெரியலீங்க சாமி."

அடுத்த வளைவில் இழுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். பல்லைக் கடித்ததும் கையும் கடித்துக்கொண்டது. மறுபடி வலது பக்கம். அதற்கடுத்த வளைவில் பயத்தில் கை தளர்ந்தது. வண்டி தானாக வளைந்து தானாக நிமிர்ந்தது. இது யார் செய்தது என்று யோசித்தார். யோசித்த நேரத்தில் இன்னொரு வளைவு போய்விட்டது. ஓணான்மலையில் வளைவுகளை எண்ணப் போனவர்கள் பாதியில் வாந்தி எடுத்து எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள். இருசப்பனும் எங்கோ விட்டுவிட்டார். பிடித்திருக்கிறோமா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறோமா, மோட்டார் திருப்புகிறதா, கை திருப்புகிறதா, எதுவும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குரு விழுந்துவிட்டாரோ என்றுகூட ஒருமுறை சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்க்கப் பயம்.

மேல்நாட்டு எல்லையில் மேளம் கேட்டது. நிலா எழும்பியிருந்தது. வண்டி மந்தையில் நின்றது. இருசப்பன் இறங்கினார்.

ஊர்ப் பெரியவர் சடையப்பன் தட்டில் பரிவட்டத்தோடு வந்தார். மேளம் நின்றது. அவர் ஆட்காட்டி விரலை நீட்டி இருசப்பனின் நெற்றியைத் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். இன்னொருமுறை, புருவத்துக்கு மேலே, கொஞ்சம் அழுத்தித் தொட்டார். விரலில் புழுதிதான் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க டிரைவரே, சாமி நடந்து வந்துட்டாருங்களா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு. இரண்டு பெண்கள் தங்கள் கையிலிருந்த மோர்ச் செம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

"வண்டியிலதானுங்க வந்தாரு" என்றார் இருசப்பன்.

"ஓட்டினது நீங்கதானுங்களா?"

இருசப்பன் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தார்.

"அது சரியாத் தெரியலீங்க" என்று வந்தது.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு இதில் கோபம் எதுவும் இல்லை, வழக்கம் அப்படி. துணியை மடித்துத் தட்டில் வைத்தார். குருவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார்.

குனிந்தவரின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மழையா என்று வானத்தைப் பார்த்தார். நிலா துடைத்து வைத்தது போல இருந்தது. குருவைப் பார்த்தார்.

உமிச்சாமி வண்டியை விட்டு இன்னும் இறங்கவே இல்லை. காவித் துணி உடம்போடு ஒட்டியிருந்தது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்த பிடியை அவரால் விடுவிக்க முடியவில்லை. பாவாயி மினிபஸ்ஸிலிருந்து இறங்கி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

பெரியவர் தயங்கித் தயங்கி விரலை நீட்டி குருவின் நெற்றியைத் தொட்டார். விரல் வழுக்கிக் காது வரைக்கும் போனது.

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வழக்கம் வழக்கம்தான். மேளத்துக்குக் கையைக் காட்டிவிட்டு, பரிவட்டத்தை எடுத்துக் குருவின் தலையில் கட்டினார். சாமியைச் சுமந்து வந்ததற்காகச் சாமிக்கே பரிவட்டம் கட்டியது மேல்நாட்டில் அதுதான் முதல் தடவை.

மேளச் சத்தத்தில் இருசப்பன் குருவின் காதருகே குனிந்தார்.

"சாமி, ஓட்டினது நான். எனக்கு ஒரு சொட்டு வேர்க்கல. பின்னால சும்மா உட்கார்ந்து வந்தது நீங்க. உங்களுக்கு எப்படி இப்படி வேர்த்துது?"

குரு பரிவட்டத்தின் நுனியை இழுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாயாம உட்கார்ந்து வர்றது என்ன லேசான வேலையா, டிரைவரே?"